குதிரை மேய்ச்சல் திடலுக்கு உரமிடுதலும் புல் விதைத்தலும்: முழுமையான வழிகாட்டி

மாடு புல்லை நாக்கால் வளைத்துப் பறிக்கும். அதன் மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால் தரையை ஒட்டி மேய அதனால் முடியாது. குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பற்கள் உண்டு. உதட்டால் துழாவித் தனக்குப் பிடித்த புல்லைப் பிரித்தெடுத்து, அடித்தூர்வரை நறுக்கிவிடும். ருசி கண்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். லத்தி போடுவதற்கு வேறொரு மூலையை வைத்துக்கொண்டு, அங்கே எவ்வளவு செழிப்பாகப் புல் வளர்ந்தாலும் வாய் வைக்காது. இப்படியே விட்டால் சில மாதங்களில் திடலின் ஒரு பாதி மொட்டைத் தரையாகவும் மறு பாதி முழங்கால் உயரக் காடாகவும் மாறிவிடும்.

வயிறும் வேறுதான். மாடு அசைபோடும்; புல்லில் உள்ள பல நச்சுகளை அதன் இரைப்பை நுண்ணுயிர்கள் முதலிலேயே சிதைத்துவிடும். குதிரைக்கு நொதித்தல் நடப்பது பெருங்குடலில், சிறுகுடலைத் தாண்டிய பிறகு. எனவே மாடு தின்று செரிக்கும் எல்லாவற்றையும் குதிரைக்குக் கொடுத்துவிட முடியாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தீவனப் புல் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை கறவை மாட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மகசூல் மிகுந்த புல், கை நிறைய யூரியா, மலிவான கோழி எரு ஆகிய மூன்றுமே பால் பண்ணையில் நல்ல யோசனைகள். குதிரைத் திடலில் மூன்றுமே ஆபத்தாக முடியலாம்.

வேலை தொடங்கும் முன்

500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம், அதாவது 10 கிலோ உலர் தீவனம் உண்ணும். அதை முழுவதும் மேய்ச்சலிலிருந்தே பெற வேண்டுமானால், மழையையும் மண்ணையும் பொறுத்து ஒரு குதிரைக்கு ஒன்று முதல் இரண்டு ஏக்கர் நல்ல புல் தேவை. வறண்ட பகுதிகளில் இன்னும் கூடுதலாக. இதைவிடக் குறைந்த நிலம் உள்ளவர்கள், திடலைக் குதிரை உலாவுவதற்கும் கொஞ்சம் கொறிப்பதற்கும் உரிய இடமாக வைத்துக்கொண்டு, வைக்கோலாலும் உலர்புல்லாலும் வயிற்றை நிரப்பத் திட்டமிட வேண்டும். அரை ஏக்கரில் மூன்று குதிரைகளை விட்டுவிட்டு எந்த உரம் போட்டாலும் புல் நிலைக்காது.

அடுத்தது, விதை வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது: ஒதுக்குத் திடல். மண் நனைந்து சேறாக இருக்கும் நாட்களிலும், புதுப் புல் வேர் பிடிக்கும் மாதங்களிலும் குதிரைகள் நிற்பதற்குப் புல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாத ஓர் அடைப்பு வேண்டும். மேடான, நீர் வடியும் இடமாகப் பார்த்துச் சரளையோ மணலோ பரப்பி, நிழலும் தண்ணீர்த் தொட்டியும் வைத்தால் போதும். மணல் பரப்பிய இடத்தில் தீவனத்தைத் தரையில் போடக் கூடாது. மணல் குடலில் சேர்ந்தால் கடுமையான வயிற்றுவலி வரும். ஒதுக்குத் திடல் இல்லாதவர் புல் விதைத்தால், மூன்றாவது வாரமே வேறு வழியின்றிக் குதிரையை நாற்றின் மேல் விட வேண்டிவரும். மீதி நிலத்தை மூன்று நான்கு திடல்களாகப் பிரித்து வேலி போட்டுவிட்டால் சுழற்சி மேய்ச்சலுக்கு வழி ஏற்படும். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் உழ வேண்டிய அவசியமும் இருக்காது. ஆண்டுக்கு ஒரு திடலாகப் புதுப்பிப்பதே நிதானமான வழி.

உழத்தான் வேண்டுமா?

திடலின் குறுக்காக நேர்க்கோட்டில் நடந்து, ஒவ்வொரு பத்தாவது அடியிலும் கால் பெருவிரலுக்கு முன்னால் இருப்பது என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள்: நல்ல புல், களை, வெறும் தரை. நூறு குறிப்புகள் சேர்ந்தால் திடலின் நிலை சதவீதத்தில் தெரிந்துவிடும். பாதிக்கு மேல் நல்ல புல் இருந்தால் உழ வேண்டியதில்லை. உரமும் ஓய்வும் களைக் கட்டுப்பாடுமே அதை மீட்டுவிடும். வெறும் தரைத் திட்டுகளில் மட்டும் மேல்விதைப்புச் செய்யலாம். நல்ல புல் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால் முழு உழவு நியாயம்தான். கண்ணால் பார்த்து முடிவு செய்தால் பெரும்பாலும் களையின் பச்சை நம்மை ஏமாற்றிவிடும். அதனால்தான் இந்த எண்ணிக்கை.

மண் பரிசோதனை

குதிரைத் திடலில் மண் மாதிரி எடுப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சத்துகள் சமமாகப் பரவியிருக்காது. குதிரைகள் மேயும் பகுதியிலிருந்து சத்தை எடுத்து லத்தி மூலையில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்த மூலையில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) குவிந்து கிடக்க, மேயும் பகுதி வறண்டிருக்கும். இரண்டையும் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் வரும் எண் இரண்டு பகுதிக்குமே பொருந்தாது. மேய்ச்சல் பகுதிக்கு ஒரு மாதிரி, லத்திப் பகுதிக்கு ஒரு மாதிரி என்று தனித்தனியே எடுப்பது நல்லது.

குறுக்கும் நெடுக்குமாக நடந்து 15 முதல் 20 இடங்களில், மேற்பரப்புச் சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ‘V’ வடிவக் குழி போல 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். நுழைவாயில், தண்ணீர்த் தொட்டி அருகு, மர நிழல், பழைய எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் சேகரியுங்கள்; துத்தநாகம் பூசிய வாளி நுண்சத்து முடிவுகளைக் கெடுத்துவிடும். நன்றாகக் கலந்து வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக்கொண்டே வந்து அரைக்கிலோ எஞ்சியதும் நிழலில் உலர்த்தி அனுப்பலாம். கார அமில நிலை (pH), உப்பின் அளவு, கரிமச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கால்சியம், மெக்னீசியம், கந்தகம் ஆகிய எட்டும் கேட்டுப் பெறுங்கள். மணிச்சத்துக்கு நடுநிலை மற்றும் கார மண்ணில் ஆல்சன் முறையும், அமில மண்ணில் பிரே முறையும் பொருத்தமானவை. இரண்டின் எண்களும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவை அல்ல. சென்ற முறையோடு ஒப்பிடும்போது எந்த முறை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமிலத்தைச் சரிசெய்தல்

புற்களுக்கு மண்ணின் கார அமில நிலை 6.0 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. குதிரை மசால் (லூசர்ன் எனப்படும் பயறு வகைத் தீவனச் செடி) சேர்ப்பதாக இருந்தால் 6.5 முதல் 7.5 வரை. 5.5-க்குக் கீழே போகும்போது மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும், மணிச்சத்து மண்ணோடு பிணைந்துகொள்ளும், பயறு வகை வேர்களில் முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிரும் சோர்ந்துவிடும். இந்த நிலையில் போடும் உரத்தின் பெரும்பகுதி வீண்தான். பணம் குறைவாக இருந்தால் உரத்தைத் தள்ளிவைத்து முதலில் சுண்ணாம்பு போடுங்கள் என்பேன்.

போட வேண்டியது அரைத்த சுண்ணாம்புக்கல் தூள். சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் தோலையும் கண்ணையும் அரிக்கும். குதிரை நடமாடும் இடத்தில் அவை வேண்டாம். மெக்னீசியமும் குறைவாக இருந்தால் டோலமைட் தூள் இரண்டுக்கும் பயன்படும். தூள் எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாக வேலை செய்யும். மணல் மண்ணுக்குக் குறைந்த அளவு போதும். அதே மாற்றத்தைக் களிமண்ணில் கொண்டுவர அதைப்போல் இரு மடங்குக்கு மேல் தேவைப்படலாம். எனவே அளவைப் பரிசோதனை அறிக்கையிலிருந்துதான் எடுக்க வேண்டும். உழாமல் மேற்பரப்பில் மட்டும் தூவுவதாக இருந்தால், ஒரே தடவையில் ஏக்கருக்கு 2 டன்னுக்கு மேல் வேண்டாம். மீதியை அடுத்த ஆண்டு போடலாம். உழுவதாக இருந்தால் மண்ணோடு கலந்துவிடும்போது பலன் விரைவு. எப்படியானாலும் விதைப்புக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

ஜிப்சம் வேறு வேலைக்கு உரியது. சோடியம் மிகுந்து, மழையில் குழம்பி வெயிலில் பாறையாகும் மண்ணைத் திருத்த அது உதவும். அமிலத்தை அது குறைக்காது. சுண்ணாம்பையும் யூரியாவையும் அல்லது தொழுவுரத்தையும் ஒரே நாளில் சேர்த்துப் போடக் கூடாது. தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

உரம்: எது, எவ்வளவு, எப்போது

விதைப்பின்போது முதல் இடம் மணிச்சத்துக்கு. அது மண்ணில் நகராது, நாற்றின் வேரோ குட்டை. அதனால் கடைசி உழவில் அடியுரமாக மண்ணுக்குள் போவதே சரி. சூப்பர் பாஸ்பேட்டில் 16 சதவீதம் மணிச்சத்து. ஏக்கருக்கு 16 கிலோ மணிச்சத்து தேவை என்று அறிக்கை சொன்னால் 100 கிலோ சூப்பர் பாஸ்பேட். இதில் கால்சியமும் கந்தகமும் கூடவே கிடைப்பதால் டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தைவிட இதையே நான் விரும்புவேன். டிஏபியில் 46 சதவீதம் மணிச்சத்தோடு 18 சதவீதம் தழைச்சத்தும் உண்டு. சாம்பல்சத்தை மேய்ச்சல் மட்டும் நடக்கும் திடலில் அறிக்கை கேட்டால் மட்டுமே போடுங்கள். குதிரை தின்ற சாம்பல்சத்தில் பெரும்பகுதி சிறுநீர் வழியே நிலத்துக்கே திரும்பிவிடுகிறது. புல்லை அறுத்து உலர்த்தி வெளியே எடுத்தால் கதை வேறு. ஒரு டன் உலர்புல் ஏறத்தாழ 20 கிலோ சாம்பல்சத்தைச் சுமந்துகொண்டு போகும்.

தழைச்சத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு சாரார் பால் பண்ணை அளவுக்கு யூரியா போட்டு, குதிரை தின்று தீர்க்க முடியாத இளம்புல்லை வளர்த்து, குளம்பு அழற்சியை, அதாவது புல்லின் சர்க்கரை மிகுந்தால் குளம்பின் உள்ளே வீங்கி வலிக்கும் நோயை, தேடிக்கொள்கிறார்கள். இன்னொரு சாரார் குளம்பு அழற்சிக்குப் பயந்து தழைச்சத்தே போடாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது வழியும் பாதுகாப்பானதல்ல. தழைச்சத்து இல்லாமல் வளர்ச்சி நின்ற புல், வெயிலில் தயாரித்த சர்க்கரையைச் செலவிட வழியின்றித் தாளிலும் தண்டிலும் சேர்த்துவைத்துக்கொள்கிறது. ஒட்ட மேய்ந்த, வெளிறிய புல்லின் ஒவ்வொரு வாயிலும் சர்க்கரை கூடுதலாக இருக்கக் கூடும். நடுவழிதான் சரி: ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 12 முதல் 20 கிலோ தழைச்சத்து, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, புல் வேகமாக வளரும் பருவத்தில். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 20 கிலோ வேண்டுமானால் ஏறத்தாழ 43 கிலோ யூரியா. தூவிய ஓரிரு நாளில் மழையோ பாசனமோ அதை மண்ணுக்குள் இறக்க வேண்டும். ஈரத் தரையில் வெயிலில் கிடந்தால் ஆவியாகிப் பெரும்பகுதி போய்விடும்.

அம்மோனிய உரங்களைத் தொடர்ந்து போட்டால் மண் அமிலமாகும் என்பதை இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் நிலையத்தில் காணலாம். அங்கே 1856-இல் ஒரு புல்வெளியைப் பாத்திகளாகப் பிரித்து உரச் சோதனை தொடங்கினார்கள்; இன்றும் நடக்கிறது. சுண்ணாம்பு இடாமல் அம்மோனியம் சல்பேட் மட்டும் பெற்றுவந்த பாத்திகளில் அமிலம் ஏறி, பலவகைப் புற்கள் மறைந்து, அமிலத்தைத் தாங்கும் ஓரிரு இனங்களே மிஞ்சின. அருகிலேயே உரமே இடாத பாத்திகளில் பல டஜன் இனங்கள் வாழ்கின்றன. தழைச்சத்து போடுகிறவர் சுண்ணாம்புக் கணக்கையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு: ரசாயன உரம் தூவிய திடலில் குருணைகள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து, நல்ல மழையோ பாசனமோ ஆன பிறகும், இரண்டு மூன்று வாரம் குதிரையை விடாதீர்கள். பெரிய ஆபத்து தூவிய உரத்தைவிடச் சிந்திய உரத்தில் இருக்கிறது. மூட்டையைப் பிரிக்கும் வாயில் ஓரத்தில், தூவும் கருவி திரும்பும் மூலையில், சிறு குவியல்கள் கிடக்கும். உப்புச் சுவைக்குக் குதிரை அதை நக்கிவிடும். பெருக்கி அள்ளிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

கோழி எரு வேண்டாம்

இதைத் தனித் தலைப்பில் எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். கறிக்கோழித் தீவனத்தில் இரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பதுண்டு. அவை எச்சத்திலும் சிந்திய தீவனத்திலும் எருவோடு வரும். கோழியும் மாடும் தாங்கும் இந்த மருந்து குதிரையின் இதயத் தசையை அழிக்கிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு 2 முதல் 3 மில்லிகிராம் மோனென்சினே உயிரைப் பறிக்கும். பெரிய குதிரைக்கும் ஒன்றரை கிராம் போதும். பிழைத்த குதிரையும் இதயம் பழுதாகிச் சவாரிக்கு உதவாமல் போகலாம். இரண்டாவது காரணம், எருவில் கலந்துவரும் இறந்த கோழிகளின் உடலில் உண்டாகும், தசைகளை முடக்கும் பாட்டுலிசம் நச்சு. அதற்கு மிக எளிதில் இரையாகும் விலங்குகளில் குதிரையும் ஒன்று. நன்றாக மக்கவைத்து, உழவில் மண்ணுக்குள் புதைத்து, பல மாதம் கழித்து மேயவிட்டால் ஆபத்து குறையும் என்பது உண்மைதான். ஆனால் நிற்கும் புல்லின் மேல் கோழி எரு தூவுவதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது.

லத்தியைப் பயன்படுத்தும் முறை

500 கிலோ குதிரை ஒரு நாளைக்கு 20 கிலோவுக்கும் மேல் லத்தி போடும். அது நல்ல உரம். பச்சையாகத் தூவினால் புழுப் பண்ணை. லத்தியிலிருந்து பொரித்துவரும் குடற்புழுக் குஞ்சுகள் ஈரப் புல்லின் மேல் ஏறி நின்று மேயும் வாய்க்காகக் காத்திருக்கும். குதிரை தானாகவே விலகி நின்ற லத்தி மூலையை, முள் பரம்பால் இழுத்துத் திடல் முழுக்கப் பரப்புவது அந்தப் புழுக்களை எல்லா இடத்துக்கும் கொண்டுசேர்க்கும் வேலை. கடும் வெயில் காலத்தில், பல வாரம் குதிரை வராத திடலில் மட்டுமே அதைச் செய்யலாம். வாரம் இருமுறை லத்தியை அள்ளிக் குவியலாக்குவதே மேல்.

குவியல் ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சிறிய குவியல் சூடேறாது. கையால் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. உள்ளே வெப்பம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அந்தச் சூட்டில் புழு முட்டைகளும் பெரும்பாலான களை விதைகளும் செத்துவிடும். வெளிப்புறத்தில் இருப்பது உள்ளே போகும்படி மூன்று நான்கு முறை கிளறிவிட வேண்டும். மண் வாசனை வந்து, லத்தியின் உருவம் தெரியாமல் பொடியாக உதிரும்போது எரு தயார். மரத்தூள் படுக்கை போடும் லாயமாக இருந்தால் ஒரு கவனம்: மரத்தூள் முழுதாக மக்காத எரு மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தனக்கு இழுத்துக்கொண்டு புல்லை மஞ்சளாக்கும். இன்னும் சில மாதம் மக்கவிடுங்கள்.

விலைக்கு வாங்கிய உலர்புல் தின்ற குதிரையின் லத்தி என்றால் இன்னொரு சோதனையும் வேண்டும். அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற களைக்கொல்லிகள் குதிரையின் குடலையும் எருக்குவியலையும் கடந்து உயிரோடு வரும். அவை புல்லை விட்டுவிட்டுப் பயறு வகைச் செடிகளைக் கெடுக்கும். எருவும் மண்ணும் கலந்த தொட்டியில் நாலு பீன்ஸ் விதை போட்டுப் பாருங்கள். புது இலைகள் கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டு, நுனி முறுக்கிக்கொண்டால் அந்த எரு மசால் போடும் திடலுக்கு ஆகாது.

விதை தேர்வு: மகசூலுக்கு முன் உடல்நலம்

வெப்பமான பகுதிகளில் குதிரைக்கு அறுகம்புல்லே முதல் தேர்வு. கொடியாகப் படர்ந்து குளம்படியைத் தாங்கும்; ஒட்ட மேய்ந்தாலும் தரைக்கடியில் உள்ள தண்டிலிருந்து மீண்டுவரும். ரோட்ஸ் புல்லும் நல்லது; உப்பையும் வறட்சியையும் ஓரளவு தாங்கும். இரண்டிலும் ஆக்சலேட் குறைவு.

இந்த ஆக்சலேட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொழுக்கட்டைப் புல், கினியாப் புல், செட்டேரியா, கிகுயு, நேப்பியர் ஆகியவை மாட்டுத் தீவனத்தில் பெயர் பெற்றவை. இவற்றில் ஆக்சலேட் மிகுதி. அது புல்லில் உள்ள கால்சியத்தைக் கட்டிவைத்துக்கொள்வதால் குதிரையின் சிறுகுடல் அதை உறிஞ்ச முடிவதில்லை. மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துக் கால்சியத்தை விடுவித்துவிடும். குதிரைக்கு அந்த வசதி உரிய இடத்தில் இல்லை. பல மாதம் இதையே மேய்ந்தால் உடல் தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துச் செலவழிக்கும். நடை விறைக்கும், ஒரு நாள் ஒரு கால், மறுநாள் இன்னொரு கால் என்று நொண்டும், முற்றினால் கண்ணுக்குக் கீழே முக எலும்பு இருபுறமும் புடைத்துவரும். திடலில் ஏற்கெனவே இந்தப் புற்கள்தான் இருக்கின்றன என்றால் அழித்துவிட வேண்டும் என்றில்லை. கால்சியம் நிறைந்த குதிரை மசாலைச் சேர்த்துக் கொடுப்பது, தாது உப்புக் கலவை, மற்றப் புற்களோடு கலந்த மேய்ச்சல் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரோடு பேசித் திட்டமிடுங்கள். புதிதாக விதைக்கும்போது இவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

சோளத்தையும் சூடான் புல்லையும் குதிரை மேய்ச்சலுக்கு விதைக்கவே கூடாது. சயனைடு ஆபத்தோடு, தொடர்ந்து மேயும் குதிரைக்குச் சிறுநீர்ப்பை செயலிழந்து பின்னங்கால்கள் தள்ளாடும் நோய் வரும். சூபாபுல் மரத்தின் தழையைத் தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும்.

குளிர்ந்த பகுதிகளில் டிமோத்தி, காக்ஸ்ஃபுட், கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ் ஆகியவை வழக்கம். ரைகிராஸ் விரைவில் முளைத்துத் தரையை மூடும். ஆனால் சர்க்கரை மிகுதி. குளம்பு அழற்சி வந்த குதிரையோ, எளிதில் கொழுக்கும் மட்டக் குதிரையோ இருந்தால் கலவையில் ரைகிராஸைக் குறையுங்கள். டால் ஃபெஸ்கியூ விதைப்பதாக இருந்தால் நச்சுப் பூஞ்சை இல்லாத வகை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சாதாரண வகையினுள் வாழும் பூஞ்சை, சினைக் குதிரைக்குப் பேறுகாலத்தைத் தள்ளிப்போடும், நஞ்சுக்கொடியைத் தடிக்கச் செய்யும், பால் சுரப்பை நிறுத்தும். வெள்ளைக் குளோவர் கொஞ்சம் சேர்க்கலாம். ஆல்சைக் குளோவர் கல்லீரலைத் தாக்குவதால் வேண்டாம்.

ஏக்கருக்கு விதையளவு தோராயமாக: ரைகிராஸ் 10 முதல் 14 கிலோ, ரோட்ஸ் புல் 2 முதல் 4 கிலோ, அறுகு 3 முதல் 5 கிலோ, தனியாக விதைக்கும் குதிரை மசால் 5 முதல் 8 கிலோ, கலவையில் வெள்ளைக் குளோவர் 1 கிலோ. இவை முளைக்கும் விதைக்கான அளவுகள். பை மேல் தூய்மை 90 சதவீதம், முளைப்புத்திறன் 60 சதவீதம் என்றிருந்தால் அதில் உயிருள்ள விதை 54 சதவீதமே. 3 கிலோ தேவை என்றால் ஐந்தரை கிலோ வாங்க வேண்டும். பழைய விதையாக இருந்தால் நூறு விதையை ஈரத்துணியில் சுற்றிவைத்து எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிவிடுங்கள்.

நிலத்தைத் தயார் செய்தல்

உழுது, கட்டி உடைத்து, பரம்படித்த பின் உடனே விதைக்காதீர்கள். ஒரு பாசனம் கொடுத்துக் களைகள் முளைக்கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் பச்சை தெரிந்ததும் மேலாக மட்டும் கீறி அழியுங்கள். ஆழமாகக் கிளறினால் அடியிலிருக்கும் களை விதைகள் மேலே வந்துவிடும். கோரை இருந்தால் கிழங்கு தீரும்வரை விதைப்பைத் தள்ளிப்போடுவதே நல்லது. புல் வந்தபின் கோரையைப் பிரிப்பது பெரும்பாடு. உழவில் மேலே வரும் கம்பித் துண்டு, ஆணி, கண்ணாடி, கூர்க்கல் எல்லாவற்றையும் நடந்து பார்த்துப் பொறுக்குங்கள். ஒரு குளம்பில் ஏறும் ஆணி இத்தனை வேலையையும் மறக்கடித்துவிடும். எலி வளைகளையும் குழிகளையும் மூடி மட்டப்படுத்துங்கள்.

படுகை மேலே பொலபொலப்பாகவும் அடியில் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். அதன் மேல் நடந்து பாருங்கள். குதிகால் ஒரு சென்டிமீட்டர் அளவே பதிந்தால் பதம் சரி. கணுக்கால்வரை புதைந்தால் உருளை ஓட்டி இறுக்க வேண்டும். அந்தத் தளர்ந்த மண்ணில் நுண் விதை ஆழத்தில் விழுந்து முளைக்காமலே போகும்.

விதைப்பு

வெப்பப் பகுதியில் மழைக்காலம் நிலைபெறும்போதும், குளிர்ப் பகுதியில் இலையுதிர்காலத் தொடக்கத்திலோ வசந்தத்திலோ விதைக்கலாம். விதையை இரண்டு சம பாகமாகப் பிரித்து, முதல் பாகத்தை நெடுக்கிலும் இரண்டாம் பாகத்தைக் குறுக்கிலும் தூவினால் திட்டு விழாது. ரோட்ஸ் புல் விதை பஞ்சுபோல் கையில் ஒட்டும். உலர்மணலோடு கலந்து காற்றில்லாத வேளையில் தூவுங்கள். மசால் விதைக்கு அதற்குரிய ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் குழைத்துப் பூசி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்க வேண்டும். பூசிய விதையை ரசாயன உரத்தோடு கலக்கக் கூடாது.

ஆழம்தான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். ரோட்ஸ், அறுகு, குளோவர் ஆகியவற்றுக்கு அரை சென்டிமீட்டர். ரைகிராஸுக்கும் மசாலுக்கும் ஒரு சென்டிமீட்டர். முள் பரம்பைத் தலைகீழாகத் திருப்பி மெல்ல இழுத்துவிட்டு, உடனே உருளை ஓட்டுங்கள். விதையும் மண்ணும் ஒட்டியிருந்தால்தான் ஈரம் விதைக்குள் ஏறும். அறுகைக் கரணையாகவும் நடலாம்: இரண்டு மூன்று கணு உள்ள கொடித்துண்டை, ஒரு நுனி மேலே தெரியும்படி ஈர மண்ணில் பதித்து மிதித்துவிட வேண்டும்.

உழாத திடலில் மேல்விதைப்புச் செய்வதாக இருந்தால், பழைய புல்லை 3 முதல் 5 சென்டிமீட்டர்வரை ஒட்ட வெட்டி, முள் பரம்பால் பாதி மண் தெரியும்வரை கீறி, அதன்மேல் தூவி உருட்டுங்கள். அப்போது தழைச்சத்து போடக் கூடாது. பழைய புல்தான் அதை முதலில் குடித்துவிட்டு நாற்றை நிழலில் அமுக்கும்.

முதல் இரண்டு மூன்று வாரம் மேல்மண் காயாமல் அடிக்கடி லேசான தண்ணீர். பிறகு இடைவெளி விட்டு ஆழமாக. நாற்று தூர் கட்டிய பின், ஏறத்தாழ ஐந்தாறு வாரத்தில், ஏக்கருக்கு 8 முதல் 12 கிலோ தழைச்சத்து மேலுரமாகக் கொடுக்கலாம். மசால் நன்றாக அமைந்திருந்தால் அதுவும் வேண்டாம்.

களைகளில் கிலுகிலுப்பை, உண்ணிச்செடி, ஊமத்தை, ஆமணக்கு ஆகியவற்றை வேரோடு பிடுங்கித் திடலுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். களைக்கொல்லி அடித்து வாடும் நச்சுச் செடியை, பச்சையில் ஒதுக்கிய குதிரைகூடத் தின்றுவிடும். வாடும்போது அதன் கசப்பு குறையலாம், நச்சு குறையாது. மருந்துப் புட்டியின் மேல் எழுதியிருக்கும் மேய்ச்சல் இடைவெளியையும் அப்படியே பின்பற்ற வேண்டும். வேலியோரம் அரளி இருந்தால் இந்தச் சமயத்திலேயே அதையும் அகற்றிவிடுங்கள்.

குதிரையை எப்போது விடுவது?

புல் 15 முதல் 20 சென்டிமீட்டர் வளர்ந்ததும் குனிந்து, ஒரு தூரின் இலைகளைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பற்றி, குதிரை கடித்து இழுப்பதுபோல் வெடுக்கென்று இழுங்கள். இலை அறுந்து கையோடு வந்து வேர் மண்ணிலேயே நின்றால் மேயலாம். தூரே பெயர்ந்து மண்ணோடு வந்தால் இன்னும் சில வாரம் காத்திருங்கள். ஒரே இடத்தில் சோதித்துவிட்டு நிற்காமல், மேடு, பள்ளம், ஓரம் என்று பல இடத்தில் இழுத்துப் பாருங்கள். முதல் அறுப்பை இயந்திரத்தால், 10 சென்டிமீட்டர் விட்டு, மண் காய்ந்திருக்கும்போது செய்வது இன்னும் நல்லது. புல் பக்கவாட்டில் தூர் வெடிக்கும்.

முதல் மேய்ச்சல் சிறிது நேரம் மட்டும், காய்ந்த தரையில். லாடம் அடித்த குதிரை துள்ளி ஓடினால் இளம்வேர் பெயரும். அமைதியான குதிரையை முதலில் விடுங்கள். குதிரையின் குடலும் புதுப் புல்லுக்குப் பழக வேண்டும். முதல் நாள் அரை மணி, பிறகு மெல்லக் கூட்டி, இரண்டு மூன்று வாரத்தில் முழு நேரம். வெளியே விடும் முன் உலர்புல் கொடுத்துவிட்டால் ஆவலாக விழுங்காது. குளிர்ப் பகுதியில், உறைபனி விழுந்த இரவுக்கு அடுத்த வெயில் காலையில் புல்லில் சர்க்கரை மிகுந்திருக்கும். குளம்பு அழற்சி கண்ட குதிரையை அன்று லாயத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் விதி ஒன்றுதான்: புல் 8 சென்டிமீட்டருக்கு வந்ததும் குதிரை வெளியே, மீண்டும் 15-க்கு மேல் வளர்ந்ததும் உள்ளே. படரும் அறுகு இன்னும் சற்றுக் குட்டையாக மேய்ந்தாலும் தாங்கும். இடைப்பட்ட ஓய்வு வளர்ச்சிப் பருவத்தில் மூன்று முதல் ஐந்து வாரம். வறட்சியில் அதற்கும் மேல். நாட்காட்டியைவிட அளவுகோலை நம்புங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குதிரை விட்டுவைத்த உயரமான புல்லையும் களையையும் வெட்டிவிடுங்கள். மாடோ ஆடோ இருந்தால் குதிரைக்குப் பின்னால் அவற்றை விடலாம். லத்தி மூலையில் வளர்ந்த புல்லை அவை மேய்ந்துவிடும், குதிரைப் புழுக் குஞ்சுகளும் பெரும்பாலும் அவற்றின் வயிற்றில் மடிந்துபோகும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மண் பரிசோதனை. லத்தியை அள்ளி வெளியே விற்றுவிடுகிறீர்கள் என்றால் அதில் போகும் சத்தையும் கணக்கில் சேர்த்து உரமிடுங்கள். மக்கிய எருவைத் திடலுக்கே திருப்பிப் போடுகிறவர்களுக்கு மணிச்சத்து உரம் பல ஆண்டுகள் தேவைப்படாமலும் போகலாம்.